டேப்பட்டை இறுக்கும் முன்: கிளாவரை ஜீப், பிக்கப் ஓட்டுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கிளாவரை அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும், உங்கள் வண்டிகளுக்கு எஞ்சின் கட்டித் தரும் மெக்கானிக் நண்பர்களுக்கும்,

எஞ்சினை இறக்கி, போர் போட்டு, ஹெட்டை லேத்துக்கு அனுப்பி, வால்வு, கைடு, கேஸ்கெட் எல்லாம் மாற்றி, கையிலிருந்த பணத்தையும் கடன் வாங்கிய பணத்தையும் கொடுத்து வண்டியை எடுக்கிறோம். ஸ்டார்ட் செய்தால் ராக்கர் மூடிக்குள்ளிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் விடாமல் வருகிறது. திருப்பிக் கொண்டுபோனால் மூடியைக் கழற்றி, டேப்பட்டைக் கொஞ்சம் இறுக்கி, சத்தத்தைக் குறைத்துக் கையில் கொடுக்கிறார்கள். இந்த மடல் அந்த ஒரு வேலைக்கு எதிரானது. இறக்கிக் கட்டிய பிறகும் போகாத டேப்பட் சத்தம், கட்டும்போது செய்த ஏதோ ஒரு மாற்றத்திலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. அந்த மாற்றம் எது என்பதை அளவு எடுத்துக் கண்டுபிடிக்க முடியும். காதுக்கு இதமாக இருக்கும்வரை ஸ்குரூவைத் திருகினால் சத்தம் போகலாம். ஆனால் காரணம் உள்ளேயே இருக்கும், அதோடு வால்வையும் எரிக்கும்.

மேல்மலையில் இது கூடுதலாகக் கவலைப்பட வேண்டிய விஷயம். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி தாண்டி 40 கிலோமீட்டருக்கு மேல் வந்தால்தான் கிளாவரை. பூண்டு வடுகபட்டிக்கும் கேரட், பீன்ஸ், உருளை ஒட்டன்சத்திரத்துக்கும் போக வேண்டுமானால் அவ்வளவு தூரமும் ஓடி, அதற்கப்புறம் மலையை விட்டும் இறங்கியாக வேண்டும். திரும்பும்போது உரமூட்டையும் வீட்டுச் சாமானுமாக வத்தலக்குண்டிலிருந்து ஏறக்குறைய 1800 மீட்டர் உயரம் ஏறுகிறது வண்டி. அந்த ஏற்றம் முழுக்க எக்சாஸ்ட் வால்வு நெருப்பில் நிற்கிறது. வால்வு தன் சூட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கை, மூடி உட்கார்ந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில், சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. 100 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டு 300 டிகிரி சூடேறினால் சுமார் 0.35 மில்லிமீட்டர் நீளும். ஹெட்டும் கூடவே விரியும் என்பதால் அந்த நீளம் முழுவதும் இடைவெளியைத் தின்றுவிடாது. ஆனாலும் நாம் டேப்பட்டில் விடுகிற கேப் பெரும்பாலும் கால் மில்லிமீட்டரை ஒட்டியதுதான் என்பதை நினைத்தால், அது எதற்காக விடப்படுகிறது என்று புரியும். சத்தத்துக்குப் பயந்து அதை மூடிவிட்டால், சூடேறிய வால்வு சீட்டில் முழுதாக உட்காராது. உட்காராத வால்வு ஆறாது, ஓரம் எரிந்து ஓட்டை விழும். கம்ப்ரஷன் குறையும். டீசல் எஞ்சின் காற்றை அழுத்தும் சூட்டில்தான் பற்றுகிறது. கடல் மட்டத்தை விடக் காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும் இந்த உயரத்தில், மார்கழி விடியலில், கம்ப்ரஷன் குறைந்த ஜீப் ஸ்டார்ட் ஆக மறுக்கும். சத்தம் போடும் வால்வோடு பல மாதம் ஓட்டலாம். மூச்சடைத்த வால்வு அவ்வளவு நாள் தாங்காது.

முதலில், அது வால்வுச் சத்தம்தானா என்பதை உறுதிசெய்ய வேண்டும். ஐடிலில் கிராங்க் நிமிடத்துக்கு 700 சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் 350 சுற்றுதான் சுற்றும். ஒரு வால்வு மட்டும் தட்டினால் நொடிக்கு ஆறு தட்டு, காது பிரித்துக் கேட்கக்கூடிய வேகம். கிராங்க்கோடு சேர்ந்த கோளாறு ஒரு சுற்றுக்கு ஒரு முறை தட்டினால் அதைப் போல இரண்டு மடங்கு. ஆனால் ஒரு சிலிண்டரின் டீசல் தட்டலும் வால்வைப் போலவே இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வரும், ஆகவே வேகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பழைய பம்பு உள்ள ஜீப்புகளில், ஐடிலில், ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டாகச் சற்றுத் தளர்த்திப் பார்க்கலாம். தளர்த்தியதும் சத்தம் மாறினால் அது எரிதலையோ கனெக்டிங் ராடையோ சேர்ந்தது. மாறாமல் அப்படியே தட்டினால் வால்வுப் பக்கம் சந்தேகம் வலுக்கும். காமன் ரெயில் எஞ்சினில் இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யாதீர்கள், அந்தக் குழாயில் இருக்கும் அழுத்தம் 1000 பாரைத் தாண்டும், கசியும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிவும் அச்சு அசலாக டேப்பட் போலவே டிக் டிக் என்னும், ஆனால் ஏற்றத்தில் லோடு ஏறும்போது அது கூடும், இணைப்பில் கரி படிந்திருக்கும். பிஸ்டன் அடிப்பது குளிரில் பலமாகக் கேட்டு, சூடேறியதும் தணியும். இவற்றை ஒதுக்கிவிட்ட பிறகுதான் ராக்கர் மூடியைக் கழற்ற வேண்டும்.

கழற்றியதும் கேட்க வேண்டிய கேள்வி: தட்டுவது எட்டு வால்வுமா, ஒன்றா? எட்டும் தட்டினால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று கெட்டிருக்கிறது, பெரும்பாலும் ஆயில். ஒன்றோ இரண்டோ தட்டினால் கோளாறு அந்த இடத்திலேயே இருக்கிறது. மெதுவான ஐடிலில், ராக்கருக்கும் வால்வுத் தலைக்கும் நடுவில் மெல்லிய ஃபீலர் தகடு ஒன்றை ஒவ்வொன்றாக நுழைத்துப் பாருங்கள், எதில் நுழைத்ததும் சத்தம் விழுகிறதோ அதுதான் ஆள். சட்டைக் கை, துண்டு, விரல் எதுவும் ஃபேன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் மெக்கானிக்குகள் ஒரு நியாயமான பதில் சொல்வார்கள்: கேஜ் வைத்துச் சரியாகத்தான் செட் பண்ணினோம், அப்புறமும் தட்டுகிறது, இனி இறுக்காமல் என்ன செய்வது? அவர்கள் பொய் சொல்லவில்லை. பொய் சொல்வது கேஜ். பல வருடம் ஓடிய ராக்கரின் மூக்கு, வால்வுத் தலை படும் இடத்தில் குழி விழுந்திருக்கும். ஃபீலர் தகடு தட்டையானது, குழிக்குள் இறங்காமல் அதன் இரு கரையிலும் பாலம் போல உட்கார்ந்துவிடும். குழி 0.15 ஆழம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 0.30 வைத்ததாக நினைக்கும் கேப் உண்மையில் 0.45. வால்வும் கைடும் புதிது, ராக்கர் மட்டும் பழையது என்கிற எஞ்சினில் இது அதிகம், ஏனென்றால் புது வால்வின் தட்டையான தலை பழைய குழியோடு பொருந்தாது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ராக்கரைக் கழற்றி மூக்கின் மேல் நகத்தை ஓட்டினாலே தட்டுப்படும். டயல் கேஜை ராக்கர் மேல் நிறுத்தி, கையால் ராக்கரை மேலும் கீழும் அசைத்தால் முள் காட்டும் ஆட்டம்தான் உண்மையான கேப். தகடு ஒன்று சொல்லி டயல் வேறொன்று சொன்னால் குழி உறுதியாகிவிட்டது. குழி விழுந்த ராக்கரை மாற்றுவதோ, கடினப்பட்ட மேல்தோல் போகாத அளவுக்குத் தேய்த்துச் சமன்படுத்துவதோதான் வைத்தியம்.

இந்த மடலில் நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: ஒரு தடவை எடுத்த அளவு பெரிதாக எதையும் சொல்லாது, இடைவெளி விட்டு இரண்டு தடவை எடுத்த அளவு ஏறக்குறைய எல்லாவற்றையும் சொல்லிவிடும். நான்காவது சிலிண்டரின் இரண்டு வால்வும் ஆடும் நிலையில் முதல் சிலிண்டரை வையுங்கள், மூன்று ஆடும்போது இரண்டை வையுங்கள், அப்படியே மற்றவற்றையும். அது உங்களுக்கே தெரிந்த முறை. புதிதாகச் செய்ய வேண்டியது, எட்டு கேப்பையும் ஒரு தாளில் எழுதிவைப்பது மட்டும். நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, குளிர்ந்த எஞ்சினில், ஸ்குரூவைத் தொடுவதற்கு முன், மறுபடி அளந்து பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வால்வின் கேப் கூடியிருந்தால் எங்கோ உலோகம் தேய்கிறது: கேம் மூக்கு, டேப்பட்டின் அடிமுகம், ராக்கர் மூக்கு, வால்வுத் தலை இந்த நான்கில் ஒன்று. கேப் குறைந்திருந்தால் வால்வு சீட்டுக்குள் இறங்குகிறது, அல்லது ஹெட் கேஸ்கெட் அமுங்கி ஹெட் தாழ்ந்திருக்கிறது. புஷ் ராட் எஞ்சினில் ஹெட் தாழ்ந்தால் ராக்கரும் அதோடு தாழும், ராடின் நீளம் மாறாது, ஆகவே கேப் சுருங்கும். ஹெட் போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டிய வகை எஞ்சினில், இறுக்கிய கையோடு டேப்பட்டையும் வைக்கச் சொல்வது அதனால்தான். கேப் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, ஆனாலும் தட்டுகிறது என்றால் முன்பு சொன்ன குழி, ராக்கர் புஷ்ஷின் ஆட்டம், கைடின் ஆட்டம், சோர்ந்த ஸ்பிரிங், வளைந்த புஷ் ராட் என்று பட்டியல் சுருங்கிவிடுகிறது. புஷ் ராடைக் கண்ணாடித் தகட்டில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். ஆனால் அளக்காமல் இறுக்கியவர் இந்தத் தடயத்தை அழித்துவிடுகிறார். கூடியதா குறைந்ததா என்ற ஒரே சாட்சியை அவர் ஸ்பேனர் விழுங்கிவிடுகிறது.

கேப் கூடிக்கொண்டே போகிற வால்வுதான் அதிக அக்கறைக்குரியது. கேம் மூக்கு தேய்கிறதா என்று பார்க்க எஞ்சினை மறுபடி இறக்க வேண்டாம், கம்பெனிப் புத்தகம்கூட வேண்டாம். டயல் கேஜின் முள்ளைப் புஷ் ராட் முனையில் நிறுத்தி, எஞ்சினைக் கையால் இரண்டு முழு வட்டம் சுற்றி, ராட் எவ்வளவு எழும்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்கு இன்லெட்டும் தங்களுக்குள் ஒரே அளவு எழ வேண்டும், நான்கு எக்சாஸ்ட்டும் அப்படியே. ஒன்று மட்டும் பின்தங்கினால் அந்த மூக்கு போய்விட்டது. கிளாவரையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மகிந்திரா ஜீப்புகளில் 2112 சிசி பியூஜோ எஞ்சினும் உண்டு, 2498 சிசியும் உண்டு, 2523 சிசி டிஐ எஞ்சினும் உண்டு. கலந்து மாற்றிக் கட்டியவையும் இருக்கும். எந்தப் புத்தக அளவு எதற்கு என்ற குழப்பம் வரும்போது, எஞ்சின் தன் ஏழு வால்வுகளை வைத்து எட்டாவதைக் காட்டிக்கொடுக்கிறது. கேம் தேய்வதற்கும் பெரும்பாலும் கட்டும்போது செய்த வேலைதான் காரணம். புதுக் கேமுக்குப் பழைய டேப்பட்டைப் போடுவது, பழைய டேப்பட்டுகளை இடம் மாற்றிப் போடுவது, முதல் ஸ்டார்ட்டில் அரை மணி நேரம் ஐடிலில் விட்டு வேடிக்கை பார்ப்பது. தட்டை டேப்பட் உள்ள எஞ்சினுக்குப் புதுக் கேம் போட்டால் முதல் 20, 30 நிமிடம் 2000 சுற்றை ஒட்டி ஓட வேண்டும். ஐடிலில் கேம் மேல் தெறிக்கும் ஆயில் போதாது. பெட்ரோல் கார்களுக்கான புதிய தர ஆயில்களில், கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்றுவதற்காக, தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மானத்தைக் குறைத்திருக்கிறார்கள். வீட்டில் மீதமிருக்கிறதே என்று அதை ஜீப்பில் ஊற்ற வேண்டாம்.

இனி லேத். ஹெட் கீழே திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ போகிறது, வேறொரு கை சீட்டை வெட்டுகிறது, முகத்தைப் பிளேன் போடுகிறது, வால்வுத் தலையைத் தேய்க்கிறது. மேலே வந்த பிறகு இன்னொரு கை பூட்டுகிறது. எவ்வளவு வெட்டினார்கள் என்பது இரண்டு கைக்கும் நடுவில் தொலைந்துபோகிறது. சீட்டை வெட்டினால் வால்வு உள்ளே இறங்கி அதன் தண்டு ராக்கர் பக்கம் எழும்பும். அதைச் சரிக்கட்டத் தண்டின் தலையைத் தேய்ப்பார்கள். கூடுதலாகத் தேய்த்தால் தலையின் கடினமான தோல் போய்விடும், மிருதுவான உலோகம் ராக்கர் அடியில் நசுங்கும். டேப்பட் வைத்த அன்று அமைதி, ஒரு வாரத்தில் மறுபடி சத்தம் என்ற கதையின் ஒரு காரணம் இது. தலைகள் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் ராக்கர் மூக்கு வால்வின் நடுவில் படாமல் ஓரத்தில் தள்ளும், புதுக் கைடும் சீக்கிரம் ஆடும். ஹெட்டை அதிகம் பிளேன் போட்ட டீசல் எஞ்சினில் வால்வு பிஸ்டனைத் தொடும் ஆபத்தும் உண்டு. அந்தத் தட்டலை டேப்பட் என்று நினைத்து ஓட்டினால் வண்டி நடுக்காட்டில் நிற்கும். லேத்காரரைக் குற்றம் சொல்வது என் நோக்கம் இல்லை. அவரிடம் நாம் அளவு கேட்பதே இல்லை. சீட்டில் எவ்வளவு, முகத்தில் எவ்வளவு, தண்டில் எவ்வளவு என்று மூன்று எண்களை பில்லின் பின்புறம் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எட்டும் தட்டுகிற எஞ்சினில் ஆயில் வழியைப் பாருங்கள். டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணைந்ததே என்பது சாட்சி ஆகாது, பெரும்பாலான வண்டிகளில் அரை பார் அழுத்தத்திலேயே அது அணைந்துவிடும். ஸ்விட்சைக் கழற்றிய இடத்தில் ஒரு கேஜைப் பூட்டி, குளிரிலும் சூட்டிலும் பாருங்கள். அழுத்தம் நன்றாக இருந்தும் ராக்கரில் ஆயில் சொட்டவில்லை என்றால் வழி அடைபட்டிருக்கிறது: புதுக் கேம் புஷ்ஷின் ஓட்டை பிளாக்கின் ஓட்டையோடு சேராமல் அடித்திருக்கலாம், ஹெட் கேஸ்கெட் திரும்பி உட்கார்ந்திருக்கலாம், ராக்கர் ஷாஃப்ட்டை ஓட்டை மாறிப் பூட்டியிருக்கலாம், சம்ப்பில் அள்ளித் தடவிய சிலிக்கான் பசை பிய்ந்து ஸ்டிரெய்னரை அடைத்திருக்கலாம். இவை ஒவ்வொன்றும் எஞ்சினைக் கட்டிய அன்று உண்டாவது. எத்தனை முறை டேப்பட் வைத்தாலும் இவற்றில் ஒன்றுகூடச் சரியாகாது.

ஸ்விஃப்ட் டிசையர் டீசல் டாக்சி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த 1.3 எஞ்சினில் திருக ஸ்குரூவே கிடையாது, ஆயில் அழுத்தத்தால் கேப்பைத் தானே மூடிக்கொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர்கள் உள்ளன. கட்டிய பிறகு காற்று அடைத்துச் சில நிமிடம் தட்டுவது இயல்பு. சூடேறியும் அடங்காவிட்டால் ஆயில் அழுத்தம், லிஃப்டரின் தரம், சீட் வெட்டிய ஆழம் என்ற மூன்றில்தான் தேட வேண்டும். செயினையும் அதன் டென்ஷனரையும் தனியாகப் பாருங்கள்.

ஓட ஓடச் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. பிஸ்டன் ரிங்குக்கு அது உண்மை, ரிங் போரோடு ஒத்துப்போகச் சில நூறு கிலோமீட்டர் வேண்டும். ஸ்குரூ வைத்த டேப்பட் ஓட ஓட அமைதியாவது கேப் சுருங்கினால்தான், கேப் தானாகச் சுருங்குவது நல்ல செய்தி அல்ல. கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் போகிறதே என்பது இன்னொரு வாதம். போகிறது, காதுக்கு மட்டும். இந்த ஊரின் விடியல் குளிரில் 20டபிள்யூ-50 ஆயில் ராக்கர் வரை ஏறத் தாமதமாகும், அந்த நேரம் முழுக்க மேலே உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. டீசல் வண்டி என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது: எட்டும் சேர்ந்து சீராக எழுப்பும் மெல்லிய சத்தம் ஆரோக்கியம், அதை ஒழிக்க முயல வேண்டாம். நான் பேசுவது அந்தச் சீரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் சத்தத்தைப் பற்றி. கனமான வாதம் நேரம்தான். பூண்டு மூட்டை கட்டி நிற்கிறது, விலை நாளைக்கு இருக்குமோ என்னவோ, அளந்துகொண்டிருக்க யாருக்குப் பொழுது இருக்கிறது? இந்த அவசரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் எட்டு வால்வை அளந்து எழுத ஒரு முற்பகல் போதும். எரிந்த வால்வுக்காக ஹெட்டை மறுபடி இறக்கி, கீழே அனுப்பி, திரும்பி வரக் காத்திருப்பது அறுவடைக் காலத்தில் எத்தனை நடை என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஒரு கோரிக்கையோடு முடிக்கிறேன். ஃபீலர் கேஜ் சில நூறு ரூபாய். காந்த ஸ்டாண்டோடு டயல் கேஜ், ஆயில் பிரஷர் கேஜ், நம்பகமான டார்க் ரெஞ்ச் மூன்றும் தனி ஆளுக்குப் பாரம், பத்து வண்டிக்காரர்கள் சேர்ந்தால் பாரமில்லை. ஊருக்குப் பொதுவாக ஒரு செட் வாங்கி, வண்டி எடுப்பவர் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போகும்படி ஒரு வீட்டில் வையுங்கள். அதோடு ஒரு நோட்டும் வையுங்கள். வண்டி எண், எஞ்சின் வகை, லேத் எழுதித் தந்த மூன்று எண்கள், கட்டிய அன்று எட்டு கேப், ஐந்நூறு கிலோமீட்டரில் எட்டு கேப், குளிரிலும் சூட்டிலும் ஆயில் அழுத்தம். சத்தத்தோடு இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளை நாளை காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே அளந்துவிடலாம். கேப் அறவே இல்லாத வால்வு ஒன்று தென்பட்டால், சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சரிசெய்யாமல் அந்த வண்டியில் லோடு ஏற்றி மலை ஏறாதீர்கள்.

அன்புடன்,
மலைவண்டிகள் மேல் அக்கறையுள்ள ஒருவர்